மன்றத்துக்கு ஷாக் மெஷின் வாங்குகிறோம்... எதைப் பார்த்து வாங்குவது, டாக்டர்?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 63. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு மன்றத்தின் பொருளாளர். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய மண்டபம், பின்னால் ஷட்டில் கோர்ட், மாடியில் படிப்பகம். தினமும் காலையில் நாற்பது பேர் விளையாட வருகிறார்கள். முகூர்த்த நாட்களில் வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று முன்னூறு பேர் கூடுகிற இடம்.

போன ஆவணியில் ஒரு காலை, ஆட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்த 52 வயது உறுப்பினர் அப்படியே சரிந்துவிட்டார். கை கால் வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று நினைத்து, கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, பிறகு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருத்துவமனையில் 'வரும்போதே உயிர் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் உறுப்பினர்கள் சேர்ந்து 1,40,000 ரூபாய் திரட்டி, 'ஏ.இ.டி.' என்ற கருவி, அதாவது தாளம் கெட்ட இதயத்துக்கு மின் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி, வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். கையில் மூன்று கொட்டேஷன்கள். புதிய கருவி ஒன்று 78,000 ரூபாய், இன்னொன்று 1,05,000 ரூபாய். மூன்றாவது ஒரு வியாபாரி சொன்னது: பழையதைப் புதுப்பித்த கருவி 45,000 ரூபாய், இரண்டாக எடுத்தால் 85,000. இதற்கிடையில் மருத்துவமனையில் இருப்பது போல் திரையோடு கூடிய பெரிய மெஷினே வாங்கலாம் என்கிறார் செயலாளர்.

"டாக்டர் இல்லாத இடத்தில் இதை யார் இயக்குவது? நாங்கள் ஷாக் கொடுத்து ஆள் இறந்துபோனால் போலீஸ் கேஸ் வருமா? விலை உயர்ந்த பொருள், என் பீரோவில் பூட்டி வைத்தால் போதுமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இறந்தவரின் மனைவி கேட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, 'வரும்போதே உயிர் இல்லை' என்று சொல்லி ஒரு குடும்பத்தை வாசலில் நிறுத்துவதுதான் இந்த வேலையிலேயே கொடுமையான பகுதி. அந்த வாசலுக்கு வருமுன்பே ஏதாவது செய்ய வேண்டும் என்று நாற்பது பேர் பணம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடிதம் முழுக்க 'ஹார்ட் அட்டாக் மெஷின்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபடுவது. மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் பேசுவார், மூச்சு விடுவார். அவருக்கு இந்தக் கருவி வேலையே இல்லை. 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வழி. ஏ.இ.டி. தேவைப்படுவது இதயம் திடீரென்று தாளம் கெட்டு, ரத்தத்தை வெளியே தள்ளாமல் வெறுமனே நடுங்கும்போது. அப்போது ஆள் சரிந்து விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு சரியாக இருக்காது. மாரடைப்பு முற்றி இந்த நிலைக்குப் போகலாம். வேறு காரணங்களாலும் வரலாம்.

நீங்கள் பார்த்த அந்த வெட்டி இழுப்பு பெரும்பாலும் இதுதான். இதயம் நின்றதும் மூளைக்கு ரத்தம் போகாமல், சில நொடிகள் கை கால் உதறும். அதோடு மீன் வாய் திறப்பது போல விட்டு விட்டு ஒரு மூச்சு வரும். பார்ப்பவர்கள் 'மூச்சு இருக்கிறது, வலிப்புதான்' என்று நினைத்துவிடுவார்கள். படித்த செவிலியர்களே ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாவியைக் கொடுத்த கையை இனி நொந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறைக்கு மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால், அது இதயம் நின்றதாகவே கருதி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

எதுவும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் இந்தச் சரிவு பாதியாகக் குறைகிறது. உங்கள் மன்றத்திலிருந்து மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை தூரமில்லைதான். ஆனாலும் ஆளைத் தூக்கி, ஆட்டோ பிடித்து, கடைத்தெருவைக் கடந்து போவதற்குள் அந்த நிமிடங்கள் முடிந்துவிடும். அதனால்தான் கருவி ஆளைத் தேடி வர வேண்டும் என்கிறோம். 1965-ல் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் கருவி 70 கிலோ எடை. இன்று அதே வேலையை, ஒரே கையில் தூக்கிவிடக்கூடிய பெட்டி செய்கிறது.

யார் இயக்குவது?

டாக்டர் வேண்டாம் ஐயா. டாக்டர் இல்லாத இடத்துக்கென்றே செய்த கருவி இது. மூடியைத் திறந்தால் அல்லது பொத்தானை அழுத்தினால் பேசத் தொடங்கும். இரண்டு ஒட்டுப் பட்டைகளை, அதாவது பேட்களை, அதில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து வெற்று மார்பில் ஒட்ட வேண்டும். இதயத் துடிப்பை அதுவே படித்துப் பார்க்கும். ஷாக் கொடுத்தால் பலன் உள்ள தாளமாக இருந்தால் மட்டுமே ஷாக்குக்குத் தயாராகும். இல்லையென்றால் நீங்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் மின்சாரம் வராது. மயங்கிக் கிடக்கும் ஒருவருக்குத் தவறுதலாக ஷாக் போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு பக்கம், இது எல்லோரையும் எழுப்பிவிடும் என்றும் நினைக்காதீர்கள். சினிமாவில் காட்டுகிற நேர்க்கோட்டுக்கு, அதாவது முற்றிலும் அடங்கிவிட்ட இதயத்துக்கு, ஷாக்கால் பயன் கிடையாது. அப்போது கருவி 'ஷாக் தேவையில்லை' என்று சொல்லும். இதைக் கேட்டு, ஆள் பிழைத்துவிட்டார் என்றோ முடிந்துவிட்டது என்றோ எண்ணிக் கையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. மூச்சு திரும்பும் வரை, அல்லது 108 ஊழியர்கள் வந்து ஏற்கும் வரை அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. வாயோடு வாய் வைத்து ஊத முடியாவிட்டால் அழுத்துவதை மட்டுமாவது விடாதீர்கள்.

செயலாளர் சொல்லும் திரையுள்ள பெரிய மெஷின் உங்களுக்கு வேண்டாம். அதில் ஈ.சி.ஜி. அலையைப் பார்த்து முடிவெடுப்பது மனிதர். ஆஸ்பத்திரியில் அது எங்களுக்கு அவசியம். மண்டபத்தில் அதை வைத்தால், திறக்கவே ஆள் இருக்காது.

கொட்டேஷனில் இல்லாத செலவு

சங்கங்களும் நிறுவனங்களும் அதிகம் தவறுவது இங்கேதான். கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கிவிடுகிறார்கள். ஏ.இ.டி.க்கு இரண்டு உறுப்புகள் காலாவதியாகும். ஒன்று பேட், மற்றொன்று பேட்டரி. பேட்டில் இருக்கும் ஜெல் காய்ந்துவிட்டால் தோலில் ஒட்டாது, மின்சாரமும் சரியாகப் போகாது.

நீங்கள் அனுப்பிய தாள்களில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். முதல் கருவியின் பேட் 9,000 ரூபாய், இரண்டு ஆண்டு ஆயுள். பேட்டரி 22,000 ரூபாய், நான்கு ஆண்டு. இரண்டாவது கருவியின் பேட் 6,000 ரூபாய், நான்கு ஆண்டு. பேட்டரி 14,000 ரூபாய், ஐந்து ஆண்டு. எட்டு ஆண்டுக் கணக்குப் போடுங்கள், வங்கியில் இருந்தவர் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாவதற்கு மூன்று முறை பேட், ஒரு முறை பேட்டரி: 78,000, 27,000, 22,000 சேர்த்து 1,27,000. இரண்டாவதற்கு ஒரு முறை பேட், ஒரு முறை பேட்டரி: 1,05,000, 6,000, 14,000 சேர்த்து 1,25,000. முதலில் தெரிந்த 27,000 ரூபாய் லாபம் எங்கே போயிற்று பார்த்தீர்களா? அதோடு இரண்டாவதற்கு எட்டு ஆண்டு வாரண்டி எழுதியிருக்கிறார்கள், முதலாவதற்கு ஒரே ஆண்டு. ஏதேனும் ஒரு சமயம் உண்மையிலேயே பயன்படுத்திவிட்டால், அந்த பேட் ஒருமுறைதான், உடனே புதிது வாங்க வேண்டும். ஒரு செட் உபரியாகக் கையில் இருக்கட்டும்.

பணம் கொடுக்குமுன், வந்து சேரும் நாளில் பேட்டுக்கும் பேட்டரிக்கும் எவ்வளவு ஆயுள் மீதி இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். கடையில் ஓராண்டு கிடந்த பேட் உங்கள் கைக்கு வந்தால், பாதி ஆயுளை விற்பவர் தின்றுவிட்டார் என்று அர்த்தம்.

45,000 ரூபாய்ப் பழைய கருவி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் தயாரிப்பாளர் நிறுத்திவிட்ட மாடலாக இருந்தால் இரண்டு ஆண்டில் பேட் கிடைக்காது, மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. யார் கையில், என்ன வெயிலில் கிடந்தது என்ற வரலாறும் தெரியாது. 2017-ஆம் ஆண்டு மருத்துவ உபகரண விதிகளின்படி, உரிமம் பெற்றுத்தான் இந்தக் கருவியைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியும். அந்த உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். மூன்று வியாபாரிகளிடமும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார் தயங்குகிறார் என்பதே உங்களுக்குப் பாதி பதில். வாங்கியதும் கருவியின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். ஏதாவது குறை கண்டு கருவிகளைத் திரும்ப அழைத்தால் தகவல் உங்களுக்கு வர வேண்டும் அல்லவா?

கடற்கரைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஏற்றதா?

சென்னையில் குளிர்சாதன அலுவலகத்துக்கு விற்கும் அதே பேச்சை உங்களிடமும் பேசுவார்கள். உங்கள் இடம் வேறு. உப்புக் காற்று, மணல், ஐப்பசி கார்த்திகை மழை. கருவியின் தாளில் 'ஐ.பி.' என்று ஒரு எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 55 என்றால் தூசியையும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். அதற்குக் குறைந்து வாங்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் 50 டிகிரி வெப்பம் வரைதான் தாங்கும். ஷட்டில் கோர்ட்டின் தகரக் கூரைக்குக் கீழே அக்னி நட்சத்திரத்தில் தொங்கவிட்டால் பேட் காய்ந்துபோகும். நிழலான, காற்றோட்டமான சுவர் வேண்டும். தரையோரம் வேண்டவே வேண்டாம். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்கள் நாம். மார்பு உயரத்தில் மாட்டுங்கள். இது சொந்த பேட்டரியில் ஓடுவதால், 2011-ல் வந்த 'தானே' புயலின்போது போல நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனாலும் வேலை செய்யும்.

டெமோவை வியாபாரியின் அறையில் பார்க்காதீர்கள். உங்கள் மண்டபத்துக்கு வரச் சொல்லி, நாதஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கருவியின் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். தமிழில் பேசுமா என்று கேளுங்கள். பேசும் என்றால் உங்கள் காதால் கேட்டுவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். காது கேட்காத இரைச்சலிலும் படம் வழிகாட்டும் என்பதால், படம் பெரிதாக இருப்பது நல்லது. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஷாக்கின் அளவைக் குறைக்க என்ன வசதி என்றும் கேளுங்கள். சிலவற்றில் தனி பேட், சிலவற்றில் ஒரு பொத்தான். அவசரத்தில் குழந்தை பேட் கையில் இல்லையென்றால் பெரியவர் பேட்டையே ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டலாம்.

பெட்டியோடு ஒரு சிறு பையில் கத்தரிக்கோல், சவரக்கத்தி, துண்டு, கையுறை இருக்கட்டும். விளையாடியவர் உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும், கல்யாணத்துக்கு வந்தவர் மார்பில் சந்தனம் இருக்கும். துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பெண்கள் விழுந்தால் நம் ஊரில் சுற்றி நிற்பவர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்திலேயே நிமிடங்கள் போகின்றன. பயிற்சியின்போதே இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நான்கு பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, ரவிக்கையைக் கத்தரித்து பேட்டை ஒட்டலாம். தாலியைக் கழற்ற வேண்டாம், பேட்டுக்கு அடியில் சிக்காமல் ஒதுக்கினால் போதும்.

பீரோ வேண்டாம் ஐயா

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். 'எங்களிடம் ஏ.இ.டி. இருக்கிறது' என்று பெருமையாகச் சொன்னார்கள். சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. பூட்டை உடைத்துத் திறந்தோம். பேட் காலாவதியாகி பதினான்கு மாதம். பேட்டரியைத் தனியாகக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள், ரிமோட்டில் செல்லைக் கழற்றி வைப்பது போல, மிச்சம் பிடிக்கத்தான். இந்தக் கருவி தன்னைத்தானே அவ்வப்போது சோதித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினால் அந்தச் சோதனை நின்றுவிடும், பழுது இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அன்று எனக்கு வந்த கோபமும் துக்கமும் இன்னும் போகவில்லை. காரணம், அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருமே அந்தப் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் நம்பினார்கள்.

பூட்டில்லாத, திறந்தால் அலாரம் அடிக்கும் பெட்டியில் மாட்டுங்கள். திருட்டுப் பயத்துக்கு அந்த அலாரமும் ஒரு கேமராவும் போதும். எங்கே மாட்டுவது என்பதை செயற்குழுவில் பேசித் தீர்மானிக்காதீர்கள், ஸ்டாப்வாட்ச் வைத்து நடந்து பாருங்கள். ஷட்டில் கோர்ட், பந்தி நடக்கும் இடம், சமையல் கட்டு, மாடிப் படிப்பகம், கழிப்பறை ஆகிய ஐந்து இடத்திலிருந்தும் ஒருவர் வேகமாகப் போய் எடுத்துவர மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு ஒரு கருவி, சரியான சுவரில் இருந்தால், தாராளமாகப் போதும்.

யாருக்குப் பயிற்சி? அமெரிக்காவில் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு இந்தக் கருவியைக் கற்றுக்கொடுத்து நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. கண்ணெதிரே விழுந்து, ஷாக்குக்கு ஏற்ற தாளம் இருந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்கள் 74 சதவீதம் பிழைத்தார்கள். அதற்குப் பின் கிடைத்தவர்களில் 49 சதவீதம். காப்பாற்றியவர்கள் காவலாளிகள். ஆகவே தலைவர், துணைத்தலைவர் என்று பட்டியல் போடாமல், எப்போதும் அங்கேயே இருப்பவர்களைப் பிடியுங்கள்: வாட்ச்மேன், மண்டபம் கூட்டுபவர், வழக்கமாக வரும் சமையல் மாஸ்டர், மைக்செட் தம்பி, காலை ஆட்டக்காரர்கள். வாட்ச்மேனுக்குப் படிக்க வராதே என்று ஒதுக்காதீர்கள். படமும் குரலும் அவருக்கும் சேர்த்துத்தான். மிச்சப் பணத்தில் பத்தாயிரமாவது பயிற்சிக்கு ஒதுக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகளின் அவசர சிகிச்சைத் துறையிடம் கேட்டுப் பாருங்கள். வியாபாரி காட்டும் பதினைந்து நிமிட விளக்கத்தைப் பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

போலீஸ் கேஸ்

'நல்ல சமாரியன் சட்டம் இருக்கிறது, பயமில்லை' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சாலை விபத்தில் உதவுபவர்களுக்கானது, உங்கள் ஷட்டில் கோர்ட்டுக்கு அது வராது. உங்களுக்குப் பொருந்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு. சம்மதம் சொல்லக்கூடிய நிலையில் இல்லாத ஒருவருக்கு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது அது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக இருந்ததுதான். சட்ட நுணுக்கம் வேண்டுமானால் உங்கள் மன்றத்தின் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவனாக நான் சொல்வது இது: பேச்சு மூச்சு இல்லாமல் கிடப்பவர் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கிறார். உங்கள் கை அவர் நிலையை இதைவிட மோசமாக்க முடியாது. விலா எலும்பு முறியலாம், முறிந்தால் ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது பராமரிப்பு. வாரம் ஒரு நாள், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்து. பேட், பேட்டரி காலாவதித் தேதிகளை உங்கள் மன்றத்தின் சுவர் காலண்டரிலும் இரண்டு பேர் செல்போனிலும் மூன்று மாதம் முன்பே குறித்துவிடுங்கள். பொருளாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இந்த நோட்டும் கைமாற வேண்டும். நன்கொடையாளர் பெயர்ப் பலகையைப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வையுங்கள், கண்ணாடி மேல் ஒட்டிப் பச்சை விளக்கை மறைத்துவிட வேண்டாம்.

கடைசிக் கேள்வி. 'அன்றைக்கு இந்த மெஷின் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?' என்று இறந்தவரின் மனைவி உங்களைக் கேட்டதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

திரும்பவும் அவரைப் போய்ப் பாருங்கள் ஐயா. 'டாக்டரைக் கேட்டேன்' என்று சொல்லுங்கள். அன்று அவர் கணவரின் இதயம் எந்தத் தாளத்தில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது, அதனால் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, மாட்டார் என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யாரும் தங்களுக்குத் தெரிந்ததில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, பயிற்சி நடக்கும் நாளைத் தெரியப்படுத்துங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வந்தால், பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் கை வைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.